கண்ணாடியில் ஒட்டியிருந்த பொட்டு

குளியலறைக் கண்ணாடியின் முன்னால் நின்று ஒருவன் மீசையைத் திருத்திக்கொண்டிருக்கிறான். அவசரம் ஏதுமில்லை. முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொள்கிறான். கோட்டு சூட்டுத் துணி விளம்பரத்தில் வரும் வாசகத்தைச் சொல்லி, முழுமையான ஆண் என்று தனக்குத்தானே சான்றிதழ் கொடுத்துக்கொள்கிறான். அந்தக் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறது. அதைச் சவரக் கத்தியால் சுரண்டி அப்புறப்படுத்துகிறான்.

கண்ணாடியில் பொட்டு ஒட்டியிருக்காத வீடு நம் பக்கத்தில் அபூர்வம். குளிக்கப் போகும்போது கழற்றி ஒட்டுவார்கள், குளித்துவிட்டு வந்து எடுத்து வைத்துக்கொள்வார்கள். மறந்துபோனால் அது அங்கேயே கிடக்கும். வாடகை வீட்டுக்குக் குடிபோனால், முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன பொட்டு நம்மை வரவேற்கும். அது யாரையும் உறுத்தியதில்லை. இவனை உறுத்துகிறது. தான் முழுமையான ஆண் என்று சொல்லிக்கொண்டு நிற்கிற கண்ணாடியில், இந்த வீட்டில் தனக்கு முன்பே பெண்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கான சின்னஞ்சிறு அடையாளம் அது.

2019 பிப்ரவரியில் வெளிவந்த ‘கும்பளங்கி நைட்ஸ்’ என்ற மலையாளப் படத்தில் வருகிறது இந்தக் காட்சி. எழுதியவர் ஷ்யாம் புஷ்கரன், இயக்கியவர் மது சி. நாராயணன். கண்ணாடி முன்னால் நிற்பவன் பெயர் ஷம்மி. நடித்தவர் ஃபஹத் பாசில். அந்த ஆண்டின் சிறந்த குணச்சித்திர நடிகருக்கான கேரள அரசு விருது அவருக்கு இந்த வேடத்துக்காகக் கிடைத்தது. படத்துக்கும் ஜனரஞ்சகமான சிறந்த படம் என்ற விருது கிடைத்தது.

படம் வந்து ஆண்டுகள் ஆகியும் ஷம்மியைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. தமிழ்நாட்டிலும் நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள். அவனைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலோர் வாயில் வருகிற முதல் சொல், “சைக்கோ.” அந்தச் சொல் என்னைத் தொந்தரவு செய்கிறது. அது ஷம்மியை விளக்கவில்லை, நம் கண்ணிலிருந்து மறைக்கிறது. அதனால்தான் இதைச் சற்றுப் பொறுமையாகப் பேச நினைக்கிறேன்.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக. கும்பளங்கி, கொச்சியை ஒட்டிய காயல் சூழ்ந்த கிராமம். மீன்பிடித்தலும் சீன வலைகளும் சுற்றுலாவும் அங்கே பிழைப்பு. சிமி, பேபி என்று இரண்டு சகோதரிகள், அவர்களுடைய அம்மா. தங்கள் வீட்டிலேயே விருந்தினர்களைத் தங்கவைத்துக் குடும்பம் நடத்துகிறார்கள். மூத்தவள் சிமியைக் கல்யாணம் செய்துகொண்டு அந்த வீட்டிலேயே வந்து தங்குகிறான் ஷம்மி. சொந்தமாக சலூன் வைத்திருக்கிறான். பேபி, பக்கத்திலுள்ள பாபி என்பவனைக் காதலிக்கிறாள். பாபியும் அவன் சகோதரர்களும் கதவில்லாத ஒரு வீட்டில், ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டு வாழ்கிறவர்கள். ஊருக்குள் மதிப்பில்லாதவர்கள். அந்தக் காதலை ஷம்மி ஏற்க மறுக்கிறான். இவ்வளவுதான் மோதல்.

ஷம்மி செய்வதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் குற்றம் என்று சொல்லும்படி எதுவும் தெரியாது. மாப்பிள்ளை பார்க்கும்போது நம் வீடுகளில் என்னென்ன கேட்போமோ அதெல்லாம் அவனிடம் இருக்கிறது. தொழில் இருக்கிறது, சுத்தமாக உடுத்துகிறான், வீட்டு விஷயங்களில் அக்கறை காட்டுகிறான், மச்சினியின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்படுகிறான். எப்போதும் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கிறது. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், வழக்கமான இடத்தை விட்டு, குடும்பத் தலைவருக்கு உரிய நடுநாயகமான நாற்காலிக்கு மாறி உட்காருகிறான். நாற்காலி மாறி உட்கார்ந்ததற்கு யார் மேல் என்ன புகார் கொடுக்க முடியும்? ஆனால் அவன் உட்கார்ந்த அந்த நொடியில் மேசையிலிருக்கும் பெண்களின் முகத்தைப் பாருங்கள். வீட்டின் சட்டம் மாறிவிட்டது என்பது அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது.

சமையலறைக் காட்சி இன்னும் நுட்பமானது. அக்காவும் தங்கையும் தங்களுக்குள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஷம்மி வாசலில் வந்து நிற்கிறான், சிரித்தபடியே. என்ன விஷயம், எனக்கும் சொல்லுங்களேன் என்கிறான். கேள்வியில் கோபமே இல்லை. ஆனால் இரண்டு பெண்களின் சிரிப்பும் சட்டென்று அடங்கிவிடுகிறது. தான் இல்லாத இடத்தில் ஒரு சிரிப்பு நடந்தது என்பதே அவனுக்குத் தாங்கவில்லை. அது தன்னைப் பற்றியதாக இருக்குமோ என்ற சந்தேகம். தன்னைப் பற்றியதாக இல்லை என்றால், அது இன்னும் பெரிய அவமானம். தானில்லாமலே இந்த வீட்டில் சந்தோஷம் இருக்கிறது என்று ஆகிவிடுகிறதே.

இங்கேதான் அவனுடைய பயத்தின் வேர் இருக்கிறது. ஷம்மி ஒரு வீட்டோடு மாப்பிள்ளை.

தமிழில் இந்தச் சொல் எப்படி ஒலிக்கும் என்று நமக்குத் தெரியும். கேலி இல்லாமல் அதை உச்சரிக்கவே முடியாது. பெண் வீட்டுச் சோறு சாப்பிடுகிறவன், மாமியார் பேச்சுக்குத் தலையாட்டுகிறவன் என்று எத்தனை நகைச்சுவைக் காட்சிகள். ஷம்மியை அப்படி யாரும் கேலி செய்வதைப் படம் காட்டவில்லை. அந்த மூன்று பெண்களும் அவனை மரியாதையாகத்தான் நடத்துகிறார்கள். ஆனால் வெளியிலிருந்து யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவனுக்குள்ளேயே அந்தக் குரல் ஓடிக்கொண்டிருக்கிறது. வீடு அவனுடையதில்லை. பாத்திரம் பண்டம் அவனுடையதில்லை. பேச்சில் வரும் பழைய கதைகள் எதிலும் அவன் இல்லை.

ஒரு நிமிடம் நின்று யோசித்தால், இந்த நிலைமை புதிதே அல்ல. கல்யாணமாகிப் புகுந்த வீடு போகிற ஒவ்வொரு பெண்ணும் இதையே கடக்கிறாள். சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாது. மாமனார் எப்போது காப்பி குடிப்பார் என்று தெரியாது. நாத்தனார்கள் கூடிச் சிரிக்கும்போது தன்னைப் பற்றித்தானோ என்று அவளுக்கும் மனம் அடித்துக்கொள்ளும். அந்நியமாக உணர்வது, சின்னவளாக உணர்வது, தன் இடம் எது என்று தெரியாமல் தவிப்பது எல்லாம் அவளுக்கும் உண்டு. ஆனால் அவள் சமையலறை வாசலில் நின்றுகொண்டு “என்ன சிரிப்பு, எனக்கும் சொல்லுங்கள்” என்று விசாரணை வைக்க முடியாது. நாற்காலி மாறி உட்கார முடியாது. அந்தப் பயத்தை அவள் முழுங்கிக்கொள்ள வேண்டும். “அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா” என்று அம்மா சொல்லி அனுப்பியிருப்பாள்.

ஆகவே பயம் இருப்பது தவறில்லை. அது மனித சுபாவம். அந்தப் பயத்துக்கான விலையைத் தான் கொடுக்காமல் பக்கத்திலிருப்பவர்களைக் கொடுக்கவைக்கும் உரிமை ஒருவனுக்கு இருக்கிறது என்று அவனும் நம்பி, வீடும் நம்பி, ஊரும் நம்புகிற இடத்தில்தான் அது நஞ்சாகிறது. ‘நச்சு ஆண்மை’ என்று இப்போது எழுதுகிறோமே, அதன் பொருள் இதுதான். ஆண்கள் எல்லாரும் விஷம் என்று அந்தச் சொல் சொல்வதாக நினைத்து நிறைய நண்பர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். அப்படி அல்ல. கெட்டுப்போன பால் என்றால் பால் எல்லாமே கெட்டது என்று ஆகாது. ஆஸ்திரேலிய சமூகவியலாளர் ஆர். டபிள்யூ. கானெல் 1995இல் எழுதிய நூலுக்கு ‘ஆண்மைகள்’ என்று பன்மையில்தான் பெயர் வைத்தார். ஆணாக இருக்கப் பல வழிகள் உண்டு, அவற்றில் ஒன்று மற்றவற்றின் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது என்பது அவருடைய விளக்கத்தின் சாரம்.

அந்த ஒன்று ஏன் இவ்வளவு பதற்றத்தோடு உட்கார்ந்திருக்கிறது என்று ஆராய்ந்தவர்கள், அமெரிக்காவின் தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழக உளவியலாளர்கள் ஜோசப் வாண்டெல்லோவும் ஜெனிஃபர் பாசனும். 2008 முதல் அவர்கள் எழுதிவருவதைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: பெண்மை வயதானால் தானே வந்து சேர்வதாகவும் ஆண்மை சம்பாதிக்க வேண்டியதாகவும் பல சமூகங்கள் நினைக்கின்றன. சம்பாதித்தது பறிபோகலாம். அதனால் ஓயாமல் காவல் காக்க வேண்டியிருக்கிறது. ஒரு சோதனையில் இளைஞர்களில் ஒரு பிரிவினருக்குப் பொம்மைத் தலையில் முடி பின்னும் வேலை கொடுத்தார்கள், இன்னொரு பிரிவினருக்குக் கயிறு பின்னும் வேலை. விரல்கள் செய்வது ஒரே வேலைதான். பிறகு, புதிர் போடுகிறீர்களா, குத்துச்சண்டைப் பையைக் குத்துகிறீர்களா என்று கேட்டபோது, முடி பின்னியவர்கள்தான் அதிகமாகக் குத்தப் போனார்கள். ஒரு ஜடை பின்னியதற்கே, தான் ஆண்தான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது அவர்களுக்கு.

ஷம்மியின் தொழிலும் முடியோடுதான் என்பது தற்செயல். அதை அவன் தாழ்வு மனப்பான்மைக்குக் காரணமாக்கிவிடக் கூடாது. சவரத் தொழில் செய்கிறவர்களை நம் சாதிச் சமூகம் எப்படியெல்லாம் இழித்திருக்கிறது என்பது தெரிந்ததே. அந்த இழிவை விமர்சகர்களும் தங்கள் பங்குக்குக் கூட்ட வேண்டாம். படமும் அந்தப் பக்கம் போகவில்லை. ஷம்மிக்குப் பிள்ளைப்பருவக் கதையே இல்லை. அடித்த அப்பா, கைவிட்ட அம்மா என்று எந்தப் பிளாஷ்பேக்கும் கிடையாது. எழுத்தாளர் எடுத்த மிகச் சரியான முடிவு அது என்று நினைக்கிறேன். ஒரு சோகக் கதையைக் கொடுத்திருந்தால் நாம் அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருப்போம். “பாவம், சின்ன வயசுல ரொம்ப அடிபட்டவன்” என்று சொல்லி எழுந்து போயிருப்போம். கதை இல்லாததால் அவனை எங்கிருந்து வந்தவன் என்று தேட வேண்டியிருக்கிறது. தேடினால், நம் ஊரிலிருந்தேதான் வந்திருக்கிறான்.

எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கம். பக்கத்து வீட்டு அக்காவின் கணவர், வீட்டோடு மாப்பிள்ளை. அவர் அக்காவை அடித்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. குரல் உயர்த்தியும் பேசமாட்டார். மாலையில் அவருடைய ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டதும் அந்த வீட்டில் ரேடியோ நிற்கும். திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் அக்காவின் அம்மா காலை மடக்கிக்கொள்வார். அக்கா சமையலறைக்குள் போய்விடுவார். அவர் உள்ளே வந்ததும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, நேராக டிவியின் பின்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். பழைய பெட்டி டிவி, ஓடியிருந்தால் சுடும். சுட்டால் ஒன்றும் சொல்லமாட்டார். அன்று இரவு சாப்பிடமாட்டார், அவ்வளவுதான். அதற்குப் பயந்து அவர்கள் அரைமணி நேரம் முன்னதாகவே டிவியை அணைத்துவிடுவார்கள். ஒருமுறை அக்கா ஈரத்துணியை அதன் மேல் போட்டு வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்த வயதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

இப்போது அதை நினைத்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. கை ஓங்காமலே ஒரு வீட்டை ஆள முடியும். அதற்குத் தேவை, வீட்டிலுள்ளவர்கள் எப்போதும் ஒரே ஒருவருடைய முகத்தைப் பார்த்து நடந்துகொள்வது. “அப்பாவுக்கு மூடு சரியில்லை” என்று நாம் எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறோம். அம்மாவுக்கு மூடு சரியில்லாமல் போனால் சமையல் நின்றுவிடுமா? அப்பாவுக்குச் சரியில்லை என்றால் பிள்ளைகள் சிலேட்டை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போக வேண்டும். இப்படிப்பட்டவர்களைக் குறிக்க நம்மிடம் நல்ல நல்ல சொற்கள் இருக்கின்றன. கண்டிப்பானவர். முன்கோபி. கொஞ்சம் ஈகோ பார்ப்பார். பொண்டாட்டி மேல ரொம்பப் பொசசிவ். கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று ஒரு பழமொழியே வைத்திருக்கிறோம். பயத்தைப் பார்த்துப் பாசம் என்று பெயர் வைத்துவிட்டால், அந்தப் பயத்தில் வாழ்கிறவர்களுக்குப் புகார் சொல்லவும் சொல் இல்லாமல் போய்விடுகிறது.

சொல் இல்லாதது கணக்கெடுப்பிலும் எதிரொலிக்கிறது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, திருமணமான பெண்களில் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள் இந்திய அளவில் ஏறக்குறைய 29 சதவீதம். தமிழ்நாட்டில் 38. கேரளத்தில் 10 என்ற அளவில். தமிழ்நாட்டின் எண் நம்மைத் தலைகுனியவைக்க வேண்டியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் கேரளத்தின் 10ஐப் பார்த்து ஷம்மிகள் அங்கே குறைவு என்று முடிவு கட்டிவிட முடியாது. இந்த எண் உடல்ரீதியான, பாலியல்ரீதியான வன்முறையை மட்டுமே கணக்கில் கொண்டது. கடைசிக் காட்சி வரைக்கும் ஷம்மி இந்த எண்ணுக்குள் வரவே மாட்டான். எங்கள் தெருக்காரர் சாகும்வரை வந்திருக்கமாட்டார். அதே ஆய்வு வேறு சில கேள்விகளையும் தனியாகக் கேட்கிறது. வேற்று ஆணோடு பேசினால் கணவர் கோபப்படுகிறாரா, தோழிகளைப் பார்க்கத் தடுக்கிறாரா, பிறந்த வீட்டுத் தொடர்பைக் குறைக்கப் பார்க்கிறாரா, எந்நேரமும் எங்கே இருக்கிறாய் என்று தெரிந்தாக வேண்டும் என்கிறாரா, பணத்தை நம்பிக் கொடுக்க மறுக்கிறாரா. இந்தக் கேள்விகளுக்கான பதில்கள் செய்தித்தாள் தலைப்புக்கு வருவது அபூர்வம்.

அமெரிக்க ஆய்வாளர் இவான் ஸ்டார்க் 2007இல் எழுதிய நூல் இந்த அன்றாட அடக்குமுறையைத்தான் மையப்படுத்தியது. அடியைவிட, அடிக்கு அவசியமே இல்லாதபடி ஒருவரின் நடமாட்டத்தையும் பேச்சையும் பணத்தையும் சுற்றி வேலி போடுவதுதான் உண்மையான சிறை என்றார். பிரிட்டன் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதைத் தனிக் குற்றமாகவே சேர்த்தது. நம் நாட்டில் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2006 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சொல்லாலும் மனத்தளவிலும் பொருளாதாரத்திலும் செய்யப்படும் கொடுமைகளையும் அது வன்முறை என்றே வரையறுக்கிறது. பலருக்குத் தெரியாத ஒன்று, அது மனைவிக்கு மட்டுமான சட்டம் அல்ல. ஒரே கூரையின் கீழ் உறவுமுறையில் வாழும் பெண்கள் எவரும் அதை நாடலாம். சிமியைப் போலவே பேபியும் அவர்களுடைய அம்மாவும்கூட. தேவைப்பட்டால் அந்த ஆணை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லவும் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு.

ஷம்மிக்கு எதிரில் படம் நிறுத்துவது ஒரு நல்லவனை அல்ல என்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். பாபியும் அவன் அண்ணன் சஜியும் ஒழுங்கானவர்கள் இல்லை. பாபி, சினிமாக் கொட்டகையில் பேபியின் சம்மதம் கேட்காமல் முத்தமிடப் பார்க்கிறான். அவள் தடுத்ததும் முறைத்துக்கொள்கிறான். ஷம்மியிடம் இருக்கிற அதே விதை அவனிடமும் இருக்கிறது என்பதைப் படம் மறைக்கவில்லை. சஜி, தன்னோடு இஸ்திரிக் கடை நடத்தும் முருகன் என்ற தமிழரின் உழைப்பில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன். முருகன் அதைக் குடிபோதையில் முகத்துக்கு நேரே கேட்டுவிடுகிறார். அவமானம் தாங்காமல் சஜி தற்கொலைக்கு முயல, காப்பாற்ற வந்த முருகன் இறந்துபோகிறார். முருகனாக ரமேஷ் திலக்கும் அவர் மனைவி சதியாக ஷீலா ராஜ்குமாரும் நடித்திருக்கிறார்கள். பிழைக்கப் போன ஊரில், கர்ப்பிணியாகக் கணவனைப் பறிகொடுத்து நிற்கும் தமிழ்ப்பெண்ணை அத்தனை கண்ணியத்தோடு காட்டியதற்காகவே இந்தப் படத்தின்மேல் எனக்குத் தனிப்பட்ட அன்பு உண்டு.

சஜிக்கு விழுந்த அவமானம், ஷம்மி கற்பனை செய்துகொண்ட அவமானத்தைவிடப் பல மடங்கு பெரியது. உண்மையானதும்கூட. அதற்குப் பிறகு அவன் என்ன செய்கிறான்? தம்பி ஃபிராங்கியிடம் போய், பள்ளிக்கூடம் படிக்கிற பையனிடம், தன்னை ஒரு டாக்டரிடம் அழைத்துப்போகச் சொல்கிறான். அழ முடியவில்லை என்கிறான். மருத்துவரின் அறையில் பேசத் தொடங்கி, உடைந்து, அவர் மேல் சாய்ந்து அழுகிறான். பெரிய ஆகிருதியான ஒரு மனிதன் குழந்தைபோல் அழுது ஒரு டாக்டரின் சட்டையை நனைப்பதை மலையாளத்திலோ தமிழிலோ அதற்கு முன் இவ்வளவு நேரடியாக நான் பார்த்ததில்லை. பிறகு அவன் சதியிடம் போய் மன்னிப்புக் கேட்கிறான், தன் வீட்டுக்கு அழைத்து வருகிறான். கதவில்லாத அந்த வீட்டில் ஒரு தாய்க்கும் குழந்தைக்கும் இடம் கிடைக்கிறது.

இரண்டு ஆண்கள், இருவருக்கும் உள்ளே ஆட்டம் கண்டிருக்கிறது. ஒருவன் எனக்கு முடியவில்லை என்று தன்னைவிடச் சின்னவனிடம் சொல்கிறான். இன்னொருவன் தான் முழுமையானவன் என்று கண்ணாடியிடம் சொல்கிறான்.

கடைசிக் காட்சிக்கு வருவோம். படத்தோடு எனக்கு உள்ள ஒரே பிணக்கு இங்கேதான். பேபியை அதட்டி, மரியாதையில்லாமல் பேசுகிறான் ஷம்மி. அதுவரை தலை குனிந்தே இருந்த சிமி நிமிர்ந்து, எப்படிப்பட்ட அண்ணனாக இருந்தாலும் தன் தங்கையிடம் இப்படிப் பேசக் கூடாது என்கிறாள். கத்தவில்லை, அழவில்லை, வீட்டைவிட்டுப் போ என்றும் சொல்லவில்லை. ஒரு வாக்கியம், அவ்வளவுதான். ஷம்மி பேச்சற்றுப்போய் மூலையில் சுவரைப் பார்த்து நின்றுகொள்கிறான். அந்த நிற்பு, வகுப்பறையில் தண்டனை வாங்கிய பையனின் நிற்பு. அத்தனை நாள் அவன் கட்டிக் காத்த அதிகாரம் ஒரே ஒரு வாக்கியத்துக்குத் தாங்கவில்லை என்பது அங்கே தெரிந்துவிடுகிறது. சிமியாக வரும் கிரேஸ் ஆண்டனியின் நடிப்பில் அந்தத் தருணம் அசாத்தியமானது.

அதன் பிறகு ஷம்மி மூன்று பெண்களையும் கட்டிப்போடுகிறான், வெறிகொண்டு ஆடுகிறான், சகோதரர்கள் வந்து மீன் வலையை வீசி அவனைப் பிடிக்கிறார்கள். திரையரங்கு கைதட்டுகிறது. எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை. அதுவரை நமக்கு மிக நெருக்கத்தில் இருந்தவன் திடீரென்று நம்மிடமிருந்து விலகி, பைத்தியக்காரன் என்ற தூரத்துக்குப் போய்விட்டான். இனி அவனைப் பார்த்து யாரும் தன் அப்பாவையோ அண்ணனையோ தன்னையோ நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. படம் வந்த பிறகு தன்னை ஹீரோ என்று சொல்லிக்கொள்ளும் அவனுடைய வசனமும் சிரிப்பும் மீம்களாகிக் கைபேசிகளில் சுற்றியதும் இதனால்தான். சைக்கோ என்றால் வேடிக்கை பார்க்கலாம்.

அந்தச் சொல்லில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. மனநலச் சிகிச்சை எடுத்துக்கொள்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் துன்புறுத்துகிறவர்கள் அல்லர். இந்தப் படத்திலேயே மனதுக்கு வைத்தியம் தேடிப் போனவன் சஜி. அவன்தான் அதற்குப் பிறகு வீட்டுக்கு ஆறுதலாக மாறியவன். ஷம்மி ஒருநாளும் போகவில்லை. தனக்கு ஏதாவது குறை இருக்கலாம் என்ற எண்ணமே அவனுக்கு வரவில்லை. அவன் செய்ததெல்லாம் ஒரு குடும்பத் தலைவன் செய்ய வேண்டியதுதான் என்று முழு நினைவோடு நம்புகிறான். நம்பிக்கையை நோய் என்று சொல்லிவிட்டால், அந்த நம்பிக்கையை அவனுக்கு ஊட்டியவர்கள் எல்லாரும் கையைக் கழுவிக்கொள்ளலாம்.

ஆகவே ஷம்மியைப் பற்றிப் பேசுகிறவர்கள் கயிறு வந்த பிறகு என்ன நடந்தது என்பதை விட்டுவிட்டு, நாற்காலி மாறிய நாளைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த மேசையில் பெண்களின் அம்மாவும் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையைப் பகைத்துக்கொள்ளக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கும். அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு வீட்டுக்குப் போகிற நாம் விருந்தினர்கள்தானே, நமக்கு அந்தப் பயம் இல்லை. வண்டிச் சத்தம் கேட்டதும் அந்த வீட்டில் எது நிற்கிறது என்று நமக்குத் தெரியும். பேசிக்கொண்டிருந்த பெண் கணவன் வந்ததும் பாதி வாக்கியத்தில் நிறுத்துவது தெரியும். போனில் பேசும்போது ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசுவது தெரியும். “சொந்தக்காரங்க வீட்டு விஷயம், நாம தலையிடக் கூடாது” என்று எழுந்து வந்துவிடுகிறோம்.

என் அம்மா அதிகம் படித்தவர் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பக்கத்து வீட்டில் அக்காவோடு உட்கார்ந்து டிவியில் ‘ஒளியும் ஒலியும்’ பாட்டு நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். நானும் கூட இருந்தேன். தெருமுனையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அக்கா டிவியை அணைக்க எழுந்தார். அம்மா அக்காவின் கையைப் பிடித்து, “இரு, இந்தப் பாட்டு முடியட்டும்” என்றார். அக்கா நின்றபடியே இருந்தார். அக்காவின் கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். டிவி ஓடிக்கொண்டிருந்ததால் அதன் பின்னால் கை வைத்துப் பார்க்க வேலை இல்லாமல் போய், நடுக்கூடத்தில் அப்படியே நின்றார். “வாங்க தம்பி, உட்காருங்க. நல்ல பாட்டு” என்றார் அம்மா, எழுந்திருக்காமலே. அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். பாட்டு முடிந்தது, அடுத்த பாட்டும் வந்தது. யாரும் எதுவும் பேசவில்லை.

அன்றோடு அவர் மாறிவிட்டார் என்று சொல்ல வரவில்லை. மறுநாளும் ஸ்கூட்டர் சத்தத்துக்கு ரேடியோ நின்றது, எங்கள் வீடு வரை கேட்கும். அடுத்த வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு, “நான் பக்கத்து வீட்டுக்குப் போய்ட்டு வரேன்” என்று கிளம்பினார்.